இலண்டன் அழைக்கிறது: ஓர் இசைத்தட்டும் அது பிறந்த ஊரும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல்)

கலை கலைக்காகவா, வாழ்வுக்காகவா என்னும் பட்டிமன்றம் நடவாத கல்லூரியே இல்லை எனலாம். இரு தரப்பாரும் இலக்கியத்தையே சான்று காட்டுவர். இசையை எவரும் தொடுவதில்லை. இசை செவிக்கு இன்பம், அவ்வளவே என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. வேலையின்மை, நிறவெறி, அணு உலை விபத்து, காவல்துறையின் கெடுபிடி, விளம்பரத்தின் மயக்கு ஆகியவற்றைப் பாடுபொருளாகக் கொண்டு, அதே வேளையில் கேட்போரைக் காலால் தாளமிடவும் வைத்த ஓர் ஆங்கில இசைத்தட்டைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். 'தி கிளாஷ்' என்னும் குழுவினரின் 'லண்டன் காலிங்' என்பதே அது. 1979 டிசம்பர் 14ஆம் நாள் இங்கிலாந்திலும், அடுத்த மாதம் அமெரிக்காவிலும் வெளிவந்தது. இரண்டு தட்டுகள், பத்தொன்பது பாடல்கள்.

குழுவினர் நால்வர். ஜோ ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் பாடல் இயற்றிப் பாடுவோர், கிட்டாரும் இசைப்போர். பேஸ் கிட்டார் பால் சிமனன். டிரம் டாப்பர் ஹெடன். இவர்களைப் 'பங்க்' இசையினர் என்பர். 1976, 77ஆம் ஆண்டுகளில் இலண்டனில் வெடித்துக் கிளம்பிய இவ்விசைக்கு இலக்கணம் மிக எளிது: மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் போதும், பாட்டு இரண்டு மூன்று நிமிடத்துக்குமேல் போகக்கூடாது, வேகம் வேண்டும், கோபம் வேண்டும். பெரும் பொருட்செலவில், நீண்ட நெடிய வாசிப்புகளோடு அரண்மனைபோல் ஆகிவிட்ட ராக் இசையின் வாசலில் கல்லெறிந்த பிள்ளைகள் இவர்கள் என்று சொல்லலாம். கிளாஷ் குழுவினரும் 1977இல் பழைய பெரும் பாடகர்கள் எவரும் இனி வேண்டா என்று பாடியவர்கள்தாம்.

ஆனால் கல்லெறிதலை எத்தனை நாளைக்குத் தொடர்வது? அதுதான் 1979இல் இவர்கள் முன் நின்ற வினா.

காலச் சூழல்

அன்றைய இங்கிலாந்தைப் பற்றிச் சில சொற்கள் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. வேலையற்றோர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது (1982இல் அது முப்பது இலட்சத்தையும் தாண்டியது). 1978-79 குளிர்காலம் முழுதும் வேலைநிறுத்தங்கள். இலண்டனில் குப்பை மலைபோல் குவிந்து கிடந்தது. 1979 மே மாதம் மார்கரெட் தாட்சர் பிரதமரானார். 'நேஷனல் ஃபிரண்ட்' என்ற நிறவெறிக் கட்சி தெருக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

யார் மேல் அந்த வெறி? 1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்னும் கப்பல் இலண்டனுக்கு அருகில் டில்பரித் துறையை அடைந்தது. ஜமைக்கா முதலிய மேற்கிந்தியத் தீவுகளின் மக்கள் நூற்றுக்கணக்கில் அதில் வந்திறங்கினர். போருக்குப் பின் இங்கிலாந்துக்கு ஆள் தேவைப்பட்டது. பேருந்து ஓட்டவும் மருத்துவமனைகளில் பணிபுரியவும் அவர்களும், அவர்களைத் தொடர்ந்து வந்தோரும் அமர்ந்தனர். பிரிக்ஸ்டன், நாட்டிங் ஹில் போன்ற பகுதிகளில் குடியேறினர். முப்பதாண்டு கழித்து, இலண்டனிலேயே பிறந்து வளர்ந்த அவர்தம் பிள்ளைகளைப் பார்த்து, 'எங்கிருந்து வந்தாய், எப்போது போவாய்' என்று கேட்கத் தொடங்கினர். 1824ஆம் ஆண்டு நாடோடிகள் சட்டத்தின் ஒரு பிரிவைக் கொண்டு, ஐயத்தின் பேரிலேயே தெருவில் எவரையும் பிடிக்கக் காவலர்க்கு அதிகாரம் இருந்தது. பெரிதும் பிடிபட்டோர் கறுப்பின இளைஞரே. ஒன்றரை நூற்றாண்டுப் பழைய சட்டம்! 1981இல்தான் அப்பிரிவு நீக்கப்பெற்றது.

1976 ஆகஸ்டு இறுதியில் நாட்டிங் ஹில் திருவிழாவில் காவலர்க்கும் கறுப்பின இளைஞர்க்கும் பெரும் மோதல் மூண்டது. ஸ்ட்ரம்மரும் சிமனனும் அப்போது அக்கூட்டத்தில் இருந்தனர். அந்நிகழ்ச்சி இவர்களுடைய முதற்பாடலுக்கே கருப்பொருளாயிற்று.

இசையை எடுப்பதும் மனிதரை ஏற்பதும்

இங்கு ஒரு செய்தியைக் குறிப்பிட விரும்புகிறேன். என் கட்டுரையின் உயிர்நிலை இதில் இருப்பதாகக் கருதுகிறேன். எரிக் கிளாப்டன் என்பவர் உலகப் புகழ்பெற்ற கிட்டார்க் கலைஞர். கறுப்பின அமெரிக்கரின் 'ப்ளூஸ்' இசையே அவருக்குச் சோறு போட்டது. ஜமைக்காவின் பாப் மார்லி இயற்றிய ஒரு பாடலைப் பாடி 1974இல் பெரும் வெற்றியும் கண்டார். அதே கிளாப்டன் 1976 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் நகர மேடையில் நின்று, குடியேறிய மக்களை நாட்டைவிட்டு அனுப்பவேண்டும் என்ற பொருள்படப் பேசினார். அதைக் கண்டு கொதித்தோர் தொடங்கியதே 'ராக் அகைன்ஸ்ட் ரேசிசம்' என்னும் நிறவெறி எதிர்ப்பு இயக்கம். 1978 ஏப்ரல் 30 அன்று இலண்டன் விக்டோரியாப் பூங்காவில் அவ்வியக்கம் நடத்திய மாபெரும் விழாவில் கிளாஷ் குழுவினர் பாடினர்.

ஆகவே, பல நாட்டு இசையை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்று இந்த இசைத்தட்டைப் புகழ்ந்தால் மட்டும் போதாது. கலப்பது எவர்க்கும் எளிது. அயலாருடைய மெட்டை எடுத்துக்கொண்டு அயலாரை வாசலில் நிறுத்துவோர் எல்லா ஊரிலும் உண்டு. எந்த மக்களின் தாளத்தை எடுத்தார்களோ அந்த மக்களின் வழக்கையும் சேர்த்து எடுத்தார்கள் என்பதுதான் 'லண்டன் காலிங்'கின் சிறப்பு.

தாளம் என்று சொன்னேன். அதைச் சற்று விளக்க வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று கைதட்டி எண்ணிப் பாருங்கள். ராக் இசையில் இரண்டிலும் நான்கிலும் டிரம் ஓங்கி விழும். ஜமைக்காவின் 'ரெகே' இசையிலோ, கிட்டார் எண்ணின்மேல் விழாது. எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் 'சக்' என்று வெட்டி ஒலிக்கும். டிரம் பெரும்பாலும் முதல் எண்ணை வெறுமையாக விட்டுவிட்டு மூன்றாவதில் இறங்கும். வழக்கமாகப் பின்னால் முணுமுணுக்கும் பேஸ் கிட்டார் இங்கே முன்னுக்கு வந்து மெட்டையே சுமக்கும். 'ஸ்கா' என்பது இதற்கு மூத்தது, வேகமானது. அமெரிக்க வானொலியிலும் தட்டுகளிலும் கேட்ட இசையைத் தம் நாட்டுப் பாட்டோடு சேர்த்து ஜமைக்கா மக்கள் ஆக்கிக்கொண்டது. பங்க் இசை இடைவெளியே இல்லாமல் அடைத்துக்கொண்டு ஓடும். ரெகேயோ இடைவெளியிலேயே வாழும். இவ்விரண்டையும் ஒரே குழு வாசிப்பது எளிதன்று. ராக், ஜாஸ், ரெகே மூன்றிலும் கை பழகிய டாப்பர் ஹெடன் இல்லையேல் இது நடந்திராது என்பது என் துணிபு. பாடுவோரை ஊர் அறியும். டிரம் அடிப்பவரை யார் அறிவார்?

'தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' என்ற பாடலை எடுத்துக்கொள்வோம். பால் சிமனன் தாமே இயற்றித் தாமே பாடிய முதற்பாட்டு. அவர் பிரிக்ஸ்டன் பகுதியில் வளர்ந்தவர். காவலர் கதவை உடைத்துக்கொண்டு வந்தால் என்ன செய்வாய் என்று கேட்கும் பாடல் அது. மெட்டு ரெகே; குரலோ பயிற்சியில்லாத குரல். அந்தத் தட்டைக் குரலே பாட்டுக்கு அச்சத்தை ஊட்டுகிறது. இப்பாடல் வெளிவந்து பதினாறு மாதம் கழித்து, 1981 ஏப்ரலில், அதே பிரிக்ஸ்டனில் மூன்று நாள் கலவரம் மூண்டது. ஏறத்தாழ ஆயிரம் பேரைத் தெருவில் நிறுத்திச் சோதித்ததே உடனடிக் காரணம். பாட்டு கலவரத்தை உண்டாக்கிற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் அமைச்சர்கள் அறியாததைப் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அறிந்திருந்தார்.

'ராங் எம் பாயோ' என்ற பாடலின் பயணம் இன்னும் சுவையானது. 1895 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து மதுக்கடை ஒன்றில் லீ ஷெல்டன் என்பவர் பில்லி லயன்ஸ் என்பவரைச் சுட்டுக் கொன்றார். அது 'ஸ்டாகர் லீ' என்று நாடோடிப் பாடலாகிப் பரவியது. நம் ஊரில் கொலைச் சிந்து அச்சிட்டுத் தெருவில் பாடி விற்பார்களே, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கதை ஜமைக்காவுக்குப் போயிற்று. 1960களில் 'தி ரூலர்ஸ்' என்னும் குழு அதை வைத்து ஸ்கா மெட்டில் ஒரு பாடல் செய்தது. அதைத்தான் இலண்டன் இளைஞர் பாடுகின்றனர். தொடக்கத்தில் பழைய அமெரிக்க நடையில் ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து ஜமைக்கா நடையில் எடுக்கிறார்கள். அட்லாண்டிக் கடலின் மூன்று கரைகள் மூன்றே நிமிடத்தில்!

'ஸ்பானிஷ் பாம்ஸ்' பாடலில் வேறொரு கலப்பு. 1936 முதல் 1939 வரை நடந்த ஸ்பெயின் உள்நாட்டுப் போரும், அதில் சுட்டுக் கொல்லப்பட்ட கவிஞர் லோர்காவும் ஒருபுறம். விடுமுறைக்கு அதே ஸ்பெயின் கடற்கரைக்கு வானூர்தியில் செல்லும் ஆங்கிலேயர் மறுபுறம். மெட்டு மிக இனிமையானது. இனிமையாக இருப்பதனாலேயே பாடற்பொருள் நெஞ்சில் தைக்கிறது. 'லாஸ்ட் இன் தி சூப்பர்மார்க்கெட்' பாடலோ முழக்கமே இல்லாதது. மிக் ஜோன்ஸின் இளமையைக் கற்பனை செய்து ஸ்ட்ரம்மர் எழுதி, ஜோன்ஸையே பாட வைத்தது. பெரிய கடையில் எல்லாம் கிடைக்கிறது, ஆனால் அங்கே நான் யார் என்ற தவிப்பு. கோபக்காரர்கள் இவ்வளவு மெல்லப் பாடக்கூடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எல்லாப் பாடல்களும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது. 'லவர்ஸ் ராக்', 'ஃபோர் ஹார்ஸ்மென்' ஆகிய இரண்டும் இல்லாவிடினும் குறையொன்றுமில்லை. விளம்பர உலகைச் சாடும் 'கோகா கோலா'வும் பாட்டு என்பதைவிடத் துணுக்கு என்றே சொல்லத்தக்கது.

பணியும் பதவியும்

என்னை மிகவும் நிறுத்திச் சிந்திக்க வைத்த பாடல் 'கிளாம்ப்டவுன்'. இளைஞன் ஒருவன் படிப்பு முடித்து ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போகிறான். சீருடை தருகிறார்கள். வயது ஏறுகிறது, சம்பளம் சிறிது ஏறுகிறது, கடைசியில் அவனுக்குக் கீழே ஏவுவதற்கு ஓர் ஆள் கிடைக்கிறான். அப்போது அவன் தன்னைப் பெரியவனாக உணர்கிறான். அடக்குவோரிடம் அடங்கிப் போனவன், தானே அடக்குபவன் ஆகிவிடுகிறான். நிறவெறிக் கட்சிக்கு இளைஞர்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள் என்ற கேள்விக்கு இப்பாட்டு சொல்லும் விடை இதுதான்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்து முடித்து ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதே வீட்டாரின் வேண்டுதல். என் வேண்டுதலும் அதுவே. சாதிச் சான்றிதழுக்காகவும் வருமானச் சான்றிதழுக்காகவும் என் தந்தை ஓர் அலுவலகத்தில் நான்கு நாள் நின்றதை நான் உடனிருந்து கண்டிருக்கிறேன். மேசைக்கு அப்பால் இருந்தவரும் எங்களைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து வந்தவரே என்பது அவர் பேச்சில் தெரிந்தது. அவர் தலை நிமிரவே இல்லை. இப்பாடலைக் கேட்கும்போதெல்லாம் அந்த மேசை நினைவுக்கு வருகிறது. மேசைக்கு இப்பால் நின்றவன் நான். நாளை அப்பால் அமரப் போகிறவனும் நான்தான். இலண்டனில் வெள்ளைக்கார இளைஞர் நால்வர் எழுதிய பாட்டுக்கு இது எப்படித் தெரிந்தது என்று வியக்கிறேன்.

ஸ்ட்ரம்மர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளை அல்லர் என்ற குறை அவர் காலத்திலேயே பேசப்பட்டது. அவர் தந்தை இலக்னோவில் பிறந்தவர். பிரித்தானிய வெளியுறவுத் துறை அலுவலர். மகன் 1952இல் துருக்கியின் அங்காராவில் பிறந்து, விடுதிப் பள்ளியில் படித்தவர்; இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். வசதியுள்ள வீட்டில் பிறந்தவர் வறுமையைப் பாடலாமா? பாடலாம் என்பேன். பசித்தவன்தான் பசியைப் பாட வேண்டும் என்று விதித்தால், பசித்தவனுக்கு அதற்கும் நேரம் ஒதுக்கச் சொல்கிறோம் என்றாகும்.

தலைப்புப் பாடலும் இயற்பியலும்

இரண்டாம் உலகப் போரில், செருமனி கைப்பற்றிய நாடுகளுக்குப் பி.பி.சி. வானொலி ஒலிபரப்பும்போது இலண்டன் அழைக்கிறது என்ற பொருளில் அறிவிப்புச் செய்யும். அதிலிருந்து வந்ததே தலைப்பு. நம் பெரியவர்கள் சிற்றலையில் கேட்ட பி.பி.சி. தமிழோசையும் இலண்டனிலிருந்து வந்ததுதான். 1941இல் தொடங்கிய அவ்வொலிபரப்பு 2017இல் நின்றது.

ஆனால் பாடலில் இலண்டன் நம்பிக்கை சொல்ல அழைக்கவில்லை. அபாயம் சொல்ல அழைக்கிறது. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்டு அணு உலையில் விபத்து நேர்ந்தது. தேம்சு ஆறு பெருகி இலண்டன் மூழ்கும் என்ற அச்சமும் அந்நாளில் இருந்தது. அதைத் தடுக்கும் தேம்சு தடுப்பணை அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்தது, 1984இல்தான் முறைப்படி திறக்கப்பெற்றது. ஸ்ட்ரம்மர் ஆற்றுக்கு அருகில் வாழ்ந்தவர். தாளத்தைக் கவனியுங்கள்: நான்கு எண்ணும் ஒரே அழுத்தத்துடன், படை நடப்பதுபோல் விழும்.

பாட்டின் முடிவில் மற்றவை அடங்கியபின் தந்தி ஒலிபோல் ஒன்று கேட்கும். மூன்று குறுக்கம், மூன்று நெடுக்கம், மூன்று குறுக்கம்: கப்பல் மூழ்கும்போது அனுப்பும் மோர்சு அபாயக் குறி. ஜோன்ஸ் இதைக் கிட்டாரிலேயே செய்தார். மின் கிட்டாரில் கம்பிகளுக்கு அடியில் காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் உண்டு. இதற்குப் 'பிக்-அப்' என்று பெயர். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப் பாயம் மாறுகிறது. சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. ஃபாரடேயின் விதிதான்! இரண்டு பிக்-அப்புகளில் ஒன்றின் ஒலியைச் சுழியாக்கிவிட்டு, மாற்றுவிசையை இங்குமங்கும் தட்டினால், ஒலி விட்டுவிட்டுக் கேட்கும். தந்திக் கட்டையும் இதையேதான் செய்தது. முதலாண்டில் இப்பாடத்தை மனப்பாடம் செய்தபோது இத்தகைய பயன் இதற்கு உண்டென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை.

அபாயம் அறிவித்த இப்பாடல் 2002இல் ஜாகுவார் காருக்கு விளம்பரமாயிற்று. அதே ஆண்டு வந்த ஜேம்ஸ்பாண்டு படத்தில், நாயகன் இலண்டனில் வந்திறங்கும் காட்சிக்கு வரவேற்பு இசையும் ஆயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 22 அன்று ஸ்ட்ரம்மர் தம் ஐம்பதாம் வயதில் மறைந்தார்.

விலையும் அட்டையும்

இக்குழு 1977 ஜனவரியில் சி.பி.எஸ். என்ற பெருநிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வணிகத்தை எதிர்த்துப் பாடுவோர் வணிகரிடமே சம்பளம் வாங்குவதா என்று அன்றே பலர் கேட்டனர், கேட்கத்தக்க கேள்விதான். அதற்கு இவர்கள் செயலில் தந்த விடை ஒன்று உண்டு. இரட்டைத் தட்டு கூடாது என்றது நிறுவனம். அப்படியானால் தட்டோடு இலவசமாக ஒரு சிறு தட்டாவது தருவோம் என்று கேட்டு ஒப்புதல் பெற்று, அச்சிறு தட்டில் ஒன்பது பாடல்களை நிரப்பி முழுத்தட்டாக ஆக்கிவிட்டனர்! ஒற்றைத் தட்டின் விலையில், ஏறத்தாழ ஐந்து பவுனுக்கு, இரட்டைத் தட்டு கிடைத்தது. வேலையற்ற இரசிகனுக்கு எந்தப் பாட்டையும்விட இது நன்றாக விளங்கியிருக்கும்.

பதிவு நடந்தது ஹைபரிப் பகுதியின் வெஸெக்ஸ் கூடத்தில். தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் ஒரு விந்தை மனிதர். வாசிப்போர் சோர்ந்தால் நாற்காலியைத் தூக்கி எறிவார்; ஏணியை வீசிச் சுழற்றுவார். ஒரு பாட்டில் வேகம் போகப்போக ஏறிவிட்டது, மறுபடி வாசிக்கலாம் என்று டிரம்மர் கேட்டதற்கு, ராக் இசையே அப்படித்தான் என்று மறுத்துவிட்டாராம். 1981இல் மறைந்தார்.

அட்டையில் உள்ள படம் 1979 செப்டம்பரில் நியூயார்க் பலேடியம் அரங்கில் எடுத்தது. இரசிகர்களை இருக்கையைவிட்டு எழவே காவலாளிகள் விடவில்லை. அந்த எரிச்சலில் சிமனன் தம் பேஸ் கிட்டாரைத் தரையில் அடித்து நொறுக்கும் கணம் அது. எடுத்தவர் பென்னி ஸ்மித் என்னும் பெண்மணி. குவியம் சரியில்லை, படம் மங்கல், வேண்டாம் என்றார் அவர். இதுதான் வேண்டும் என்றார் ஸ்ட்ரம்மர். ரே லோரி என்ற ஓவியர் அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பிலும் பச்சையிலும் எழுத்துகளை அமைத்தார். 1956இல் வந்த எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டின் அட்டையை அப்படியே நினைவூட்டும் அமைப்பு. பழையவர் எவரும் வேண்டா என்று 1977இல் பாடியவர்கள், இரண்டே ஆண்டில் அவருக்கு வணக்கம் வைத்திருக்கிறார்கள்.

அந்த இசைத்தட்டு இன்று கைபேசியிலேயே கேட்கக் கிடைக்கிறது. கேட்க விழைவோர் பழைய அட்டையின் படத்தைக் கண்டால், பாடல் பட்டியலில் பதினெட்டே இருக்கக் காண்பர். பத்தொன்பதாவதான 'டிரெயின் இன் வெயின்' அட்டை அச்சாகிவிட்ட பிறகு கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டது. அது அரசியல் பாட்டு அன்று. மிக் ஜோன்ஸ் பாடும் காதல் முறிவுப் பாட்டு. தலைப்பிலுள்ள சொற்றொடர் பாட்டில் எங்குமே வராது. அமெரிக்க விற்பனைப் பட்டியலில் இக்குழுவினரை முதன்முதலாக 23ஆம் இடம்வரை கொண்டுசென்றது இந்தப் பெயரில்லாப் பாட்டுத்தான்.